ஐந்து எழுத்து அழுகை

பல்செட் செய்கிற எங்கள் லேபில் என்னை 'அகராதி' என்று கூப்பிடுவார்கள். நிறையச் சொல் தெரிந்தவன் என்பதால் வந்த பெயர் என்றுதான் பல வருஷம் நினைத்திருந்தேன்.

மதியம் சாப்பிடும்போது ஆங்கிலப் பேப்பரின் குறுக்கெழுத்தை விரித்து, குறிப்பைச் சத்தமாக வாசித்து, விடையையும் நானே சொல்வேன். மற்ற ஐந்து பேரும் மென்றபடி கேட்பார்கள். அன்று ஒன்றுதான் பாக்கி. 'ஸ்காட்லாந்துக்காரர் இப்படி அழுவார்.' ஐந்து எழுத்து. முதலில் ஜி, கடைசியில் டி.

"அவங்க பேச்சே தனி. குழந்தைய 'பேர்ன்'ம்பாங்க, சின்னதுன்னா 'வீ'ம்பாங்க" என்று அளந்துவிட்டேனே தவிர, அழுகைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

லேபைச் சுத்தம் செய்யும் அக்கா காலிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தார். "சார், 'கிரீட்'டா இருக்குமா?" என்றார்.

"கிரீட்னா வணக்கம் சொல்றது அக்கா! தரை தொடைக்கிற மாதிரின்னு நெனச்சீங்களா இத?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

பிற்பகலில் மெழுகில் பல் வரிசை பதித்துக்கொண்டிருந்தேன். கை வேலை செய்ய, மனசு கட்டங்களை எண்ணியது. அக்கா சொன்ன 'கிரீட்' ஐந்து கட்டத்திலும் பொருந்தியது. கழிவறைக்குள் போய் போனில் தேடினேன். ஸ்காட்லாந்தில் கிரீட் என்றால் அழுவதுதான். வெளியே வந்து, யாரும் பார்க்காதபோது எழுதி வைத்தேன்.

சாயங்காலம், பல்செட் வாங்கிப்போக டாக்டரம்மா வந்தார். அவருக்கும் குறுக்கெழுத்துப் பைத்தியம் உண்டு. பேப்பரைப் பார்த்ததும், "அட, இத எப்படிப் புடிச்சீங்க? காலையிலேருந்து மண்டைய ஒடச்சுக்கிறேன்" என்றார்.

"எப்பவோ படிச்சது டாக்டர். டக்குனு ஞாபகம் வந்துச்சு."

சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஐந்து பேரும் அவரவர் மேஜையைக் குனிந்து பார்த்தார்கள். தொட்டியருகே அக்கா ஒரு கணம் நிமிர்ந்தார். முறைக்கவில்லை. திரும்பவும் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. "பேயறஞ்ச மாதிரி இருக்கீங்களே?" என்ற மனைவியிடம் தலைவலி என்றேன்.

காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே போனேன். அக்கா மட்டும் இருந்தார்.

"அக்கா, நேத்து செஞ்சது தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"கேலி பண்ணது எல்லாரு முன்னாடியும். மன்னிப்பு மட்டும் ஆளில்லாத நேரமாப் பாத்து கேக்குறீங்களே சார்?"

என் மேஜைக்குப் போய் உட்கார்ந்தேன்.

மதியம் டாக்டரம்மா ஓர் அளவைத் திருத்த வந்திருந்தார். எழுந்தேன். "டாக்டர், அந்த விடைய நான் கண்டுபுடிக்கல. அக்காதான் சொன்னாங்க. நான் கேலி பண்ணிட்டு, அப்புறம் என்னுதுன்னு உங்ககிட்ட சொல்லிட்டேன்." கூனிக் குறுகி அக்கா பக்கம் திரும்பினேன். "மன்னிச்சிருங்கக்கா."

ஐந்து பேரில் ஒருவர்கூட ஆச்சரியப்படவில்லை. அதுதான் கூடுதலாகச் சுட்டது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"முன்னாடி பிள்ளைங்கள ஊர்ல விட்டுட்டு, ஸ்காட்லாந்து அம்மா ஒருத்தங்கள ஒம்போது வருஷம் வீட்டோட இருந்து பாத்துக்கிட்டேன். படுத்த படுக்கை. எம் பிள்ளைங்க நெனப்பு வந்து நான் அழுதா, 'டின்னா கிரீட்'னு கண்ணத் தொடச்சு விடுவாங்க. அழாதேன்னு அர்த்தம்." கோப்பைகளை அடுக்கியபடியே சொன்னார். "அவங்க போன அன்னிக்குத்தான் அதச் சொல்ல ஆளில்ல."

அதற்குப் பிறகு நான் குறிப்புகளைச் சத்தமாக வாசிப்பதில்லை. ஒருநாள் ஒரு குறிப்பை அக்காவிடம் கேட்டுப் பார்த்தேன்.

"வேலை கெடக்கு சார்" என்று சொல்லிவிட்டு, வாளியோடு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.