இடுப்பில் ஒளிந்த எடை

தையற்காரிக்கு ஆறாம் மாதம். எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து நான்கு வருடமாயிற்று. அதற்கான மாத்திரையை ஒரு நாளும் விட்டதில்லை. பஸ்ஸைத் தவறவிட்டாலும் அதைத் தவறவிடமாட்டாள். அப்பேர்ப்பட்ட கெட்டிக்காரிதான் அன்று கர்ப்பிணிகள் பிரிவில் அசட்டுத்தனம் பண்ணினாள்.

நர்ஸம்மா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். இருமல், காய்ச்சல், ராத்திரி வியர்வை உண்டா? இல்லவே இல்லை என்று தலையாட்டிவிட்டு எடை மெஷினில் ஏறினாள். முள் தாராளமாக நகர்ந்தது.

"பரவாயில்லையே, ஏறியிருக்கே! கொஞ்சம் நேரா நில்லும்மா."

நிமிர்ந்தாள். இடுப்பிலிருந்து துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. பின்னாலேயே கடைப் பூட்டு. வரிசையில் நின்ற கர்ப்பிணிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னடி, இரட்டைக் குழந்தையா?" என்றார் நர்ஸம்மா.

இவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நர்ஸம்மா உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார்.

"இருமலும் இருக்குக்கா. எடையும் ஏறல. காசநோய்னு வந்துட்டா பிள்ளையைப் பிறந்ததுமே பிரிச்சிடுவாங்கன்னு நாத்தனார் சொன்னாங்க. அதான்..."

"உன் நாத்தனார் எந்த ஆஸ்பத்திரியில டாக்டர்?"

"மளிகைக் கடை வச்சிருக்காங்க."

"அப்ப அவங்ககிட்ட பருப்பு விலையைக் கேளு, போதும். இதுக்கும் மாத்திரை இருக்கு. மறைச்சாத்தான் பிள்ளைக்கு ஆபத்து. இப்பவே பிடிச்சுட்டா பிள்ளை உன் பக்கத்துலயே இருக்கும்."

சளி எடுக்கச் சின்ன டப்பாவைக் கொடுத்துத் திறந்த வெளிக்கு அனுப்பினார். இவள் துப்பியதெல்லாம் வெறும் எச்சில். துணைக்கு வந்த கணவன், "நான் வேணா துப்பட்டுமா?" என்று நிஜமாகவே கேட்டான். இவள் சிரித்த சிரிப்பில் இருமல் பிடித்துக்கொண்டு, சளி நெஞ்சிலிருந்து வந்து விழுந்தது.

சோதனையில் காசநோய் இருப்பது தெரிந்தது. அன்று முழுக்க அழுதாள். மறுநாள் முகத்தைக் கழுவிக்கொண்டு போய் மாத்திரையை வாங்கினாள். கணவனுக்கும் காசநோய் இருக்கிறதா என்று சோதித்தார்கள், அவனுக்கு ஒன்றுமில்லை. மெல்ல மெல்ல அவளுக்குச் சோறு ருசித்தது, இருமல் விலகியது.

பிரசவத்துக்கு முன்பே சளியில் கிருமி இல்லை என்றாகிவிட்டது. பெண் குழந்தை. நர்ஸம்மா துடைத்து, அம்மாவின் நெஞ்சின் மேல் போட்டார். பார்க்க வந்த நாத்தனார் ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம், கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"ஒரு நிமிஷம் என்கிட்ட கொடேன்" என்றான் அவன்.

"தரமாட்டேன்" என்றாள். சாயங்காலம்வரை யாருக்கும் தரவில்லை.