கீறாமல் விட்ட எண்

தெருவில் அவனுக்கு மீட்டர் என்றுதான் பெயர். எந்த மின்சாதனத்தைச் சரிசெய்தாலும் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்க்காமல் விடமாட்டான். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று அதன் அடித்தகட்டில் திருப்புளியால் கீறியும் வைப்பான். டாக்டருக்கு மேல் நாடி பார்க்கிறான் என்று கேலி செய்வார்கள். அந்த இரண்டையும் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் மட்டும் அவனிடம் கிடையாது. சூடு வந்தால் போதும், வேலை முடிந்தது.

அண்ணன் வீட்டுச் சமையலறை எரிந்து இருபது நாள் ஆகியிருந்தது. பக்கத்து அறையில் படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மா புகையிலேயே போய்விட்டாள். அண்ணி கரண்ட் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, எதிர்க்கடைக்கு அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போயிருந்தாள். பத்தே நிமிடம். அன்றிலிருந்து அண்ணன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாளைக்கு அவளுடைய அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகப்போகிறார். திரும்பி வா என்று யாரும் சொல்லவில்லை.

மீட்டருக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சோறு போட்டால் தின்றான், படுக்கச் சொன்னால் படுத்தான். எரிந்த ஒயரையெல்லாம் பிடுங்கச் சொன்னான் அண்ணன், வந்து பிடுங்கினான். பிளக் பாயிண்ட் உருகிச் சுவரில் வழிந்திருந்தது. அடுப்பை ஓரமாக வைக்கத் தூக்கியபோது அடித்தகடு கண்ணில் பட்டது. அவன் கடைசியாகக் கீறியதேதான். 230. கீழே 9.2.

சும்மா நின்றபடி பெருக்கினான். இரண்டாயிரத்து நூற்றுப் பதினாறு வாட்ஸ். அதுவோ ஆயிரம் வாட்ஸ் அடுப்பு. வகுத்துப் பார்த்தான். தடை இருபத்தைந்து ஓம். வாங்கிய புதிதில் ஐம்பத்துமூன்றாவது இருந்திருக்க வேண்டும்.

அடுப்பின் காயில் கம்பி அறுந்தபோதெல்லாம் தீய்ந்த நுனியை வெட்டிப் போட்டுவிட்டு, மிச்சத்தை இழுத்து மாட்டியவன் அவன்தான். நாலு தடவை. காயில் குட்டையானால் தடை குறையும், கரண்ட் ஏறும். சுவரில் இருந்ததோ ஐந்து ஆம்பியர் மட்டுமே தாங்கும் பாயிண்ட். தண்ணீர் இப்போதெல்லாம் சட்டென்று கொதிக்கிறது என்று அண்ணி மெச்சியபோது, தன் கைராசி என்று பூரித்துப் போனான் மடையன்.

அடுப்பைப் பழைய இரும்போடு போட்டுவிட்டால் தீர்ந்தது. அந்த எண்களுக்கு அர்த்தம் தெரிந்தவன் வீட்டில் அவன் ஒருவன்தான்.

அண்ணி கரி பிடித்த பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் போய் நின்றான்.

"அண்ணி, நல்ல அடுப்பா இருந்தா பத்து நிமிஷத்துல ஒண்ணும் ஆகியிருக்காது. நான் காயிலை வெட்டி வெட்டி மாட்டினதுதான்."

அவள் நிமிர்ந்தாள். "அப்ப நான் இல்லையா?"

"இல்லண்ணி."

இன்னொரு தடவை கேட்டாள். இன்னொரு தடவை சொன்னான். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். இருபது நாளில் அதுதான் முதல் தடவை. அவனுக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை.

திருப்புளியை எடுத்து, இரண்டு எண்களுக்கும் கீழே 2116 என்று கீறினான். கூடத்தில் உட்கார்ந்திருந்த அண்ணனின் மடியில் அடுப்பைக் கவிழ்த்து வைத்து, ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் கணக்கைச் சொன்னான். அண்ணன் விரலால் தடவிப் பார்த்தான். உன் எழுத்துதானே இது என்று கேட்டான்.

"என் எழுத்துதாண்ணே. அம்மா போனது என்னாலதான். அண்ணியை அனுப்பாதீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் அவனுடைய முதல் சொட்டுக் கண்ணீர் அந்தத் தகட்டில் விழுந்தது.