ஹீலியத்துக்குள் நானும் மூத்தாரும்

சாக்பீஸால் தரையில் ஒரு சின்ன வட்டமும், அதைச் சுற்றிப் பெரிய வட்டமும் போட்டுவிட்டு, ஹேமலதா டீச்சர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"பாப்பாத்திக்கா, நீங்க ஒரு புரோட்டான். நடுவுல வந்து நில்லுங்க."

போய் நின்றேன். அடுத்து அந்தக் கை காளியண்ணன் பக்கம் திரும்பியது.

"நீங்க இன்னொரு புரோட்டான். அக்கா பக்கத்துல ஒட்டி நில்லுங்க, அண்ணா."

அவர் அசையவில்லை. சட்டைப் பையில் ஜீப் சாவியைத் தேடுகிறவர் மாதிரி தடவிக்கொண்டு நின்றார். சாவி கையில்தான் இருந்தது.

காளியண்ணன் என் வீட்டுக்காரருக்கு அண்ணன், ஜீப் ஓட்டுகிறவர். எனக்கு மூத்தார். மலைமேல் எங்கள் குண்டனி நாட்டுப் பக்கம் தம்பி பெண்சாதி மூத்தாரின் நிழலைக்கூட மிதிக்க மாட்டாள். அவர் வாசலுக்கு வந்தால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியது கிடையாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். வகுப்பிலும் அதே கதை. அவர் கதவோரம் முன்னால் உட்காருவார், நான் கடைசியில் சுவரோரம். அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் யமுனாவிடம் சொல்வார். "யமுனா, அந்தப் புள்ளகிட்ட பேனா இருக்கான்னு கேளு." அது என் காதில் நன்றாகவே விழும். ஆனாலும் யமுனா திரும்பிக் கேட்ட பிறகுதான் எடுத்துக் கொடுப்பேன்.

நாங்கள் எல்லாம் பத்தாவதைத் தனியாக எழுதுகிறவர்கள். சனிக்கிழமை மத்தியானம் செம்மேட்டில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை அறையில் வகுப்பு. ராசிபுரத்திலிருந்து பஸ் ஏறி டீச்சர் வருவார். நான் எழுத்துக் கூட்டப் பழகியதே முப்பது வயதுக்கு மேல்தான், அறிவொளி மாதிரி ஒரு சாயங்கால வகுப்பில். அதன்பிறகு விடவில்லை. எல்லாப் பாடமும் தேறிவிட்டேன், அறிவியல் ஒன்றுதான் போன தடவை காலை வாரிவிட்டது. அதிலும் வேதியியல். பால்வாடியில் உதவியாளர் வேலைக்குப் பத்தாவது கேட்கிறார்கள். எனக்கு அந்த வேலை வேண்டும். குச்சிக்கிழங்கு மூட்டையை லாரிக்குத் தூக்கித் தூக்கி வலது தோள் இறங்கிப்போய்விட்டது. காலையில் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக இடது கைதான் உதவிக்கு வருகிறது. இன்னும் ஒரு கிழங்குப் பருவத்துக்கு இந்தத் தோள் வராது. அது எனக்குத் தெரியும். பாஸாகிவிடுவேன் என்பதும் தெரியும். வகுப்புக்கு வர விட்டால் போதும்.

யமுனாதான் வாயைத் திறந்தாள். "டீச்சர், அவங்க ரெண்டு பேரும் பக்கத்துல நிக்கக் கூடாதுங்க."

"ஏன், சண்டையா?"

"சண்டையில்லீங்க, மொறைங்க. அவரு மூத்தாருங்க."

டீச்சர் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அப்ப நான் சரியான ஆளுங்களத்தான் புடிச்சிருக்கேன். புரோட்டானும் அப்படித்தான். ரெண்டுக்கும் ஒரே மின்சுமை, நேர்மின்சுமை. ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும். ஆனா ஹீலியத்துல ரெண்டும் ஒரே கருவுக்குள்ளதான் இருக்குது. எப்படி?"

எனக்கு விடை தெரிந்த மாதிரி இருந்தது. சொல்லிவிட்டேன். "நடுவால ஆளு வேணுங்க."

"சபாஷ். யமுனா, நீ நியூட்ரான். அவங்க நடுவுல போய் நில்லு. உனக்கு மின்சுமையே கெடையாது."

இன்னொரு பெண்ணும் நியூட்ரானாக வந்தாள். டீக்கடை மணிவண்ணனும் இன்னொருத்தரும் எலக்ட்ரான். பெரிய வட்டத்தில் அவர்கள் சுற்ற வேண்டும். மணிவண்ணனுக்கு வயிறு கொஞ்சம் முன்னால் போகும். நாலு சுற்றிலேயே மூச்சு வாங்கியது.

"ஏனுங்க டீச்சர், இந்த எலக்ட்ரான் எப்பத்தானுங்க உக்காரும்?"

"அது உக்காராதுங்க. இந்த வட்டம்கூட சும்மா காட்டறதுக்குத்தான். கரு நாம நிக்கற அளவுன்னு வைங்க, எலக்ட்ரான் மலைக்குக் கீழ காரவள்ளியில இருக்கும். நடுவுல அம்புட்டும் வெறும் எடம்."

"அப்ப நான் காரவள்ளிக்கே போயிடறனுங்க. அங்க புரோட்டா நல்லாருக்கும்."

எல்லோரும் சிரித்தோம். மூத்தாரும் சிரித்தார், தரையைப் பார்த்துக்கொண்டே. இத்தோடு தப்பித்தோம் என்று நினைத்தேன். ஆனால் டீச்சர் விடவில்லை.

"பாப்பாத்திக்கா சொன்னது பாதிதான் சரி. நியூட்ரான் நடுவுல நின்னு மறைக்கறதுக்கு மட்டும் இல்ல. கருவுக்குள்ள இன்னொரு விசை இருக்கு. அது இழுக்கற விசை. எட்டத்துல இருந்தா அது இருக்கறதே தெரியாது. ரொம்பப் பக்கத்துல வந்துட்டா, தள்றதவிட அது பல மடங்கு பலம். புரோட்டானையும் புரோட்டானையும்கூட அது சேத்துப் புடிச்சுக்கும். அதனால இன்னும் நெருங்குங்க. நாலு பேரும்."

யமுனா என் கையைப் பிடித்து இழுத்தாள். மூத்தாரின் சட்டைக் கை என் தோளில் உரசியது, அந்த இறங்கிப்போன தோளில். டீசல் வாசம் அடித்தது. ஓடிவிடலாம் போலத்தான் இருந்தது. ஓடினால் இந்தப் பாடத்தைத் திரும்ப யார் நடத்துவார்கள்? கால் விரலைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றேன். டீச்சர் சொல்லச் சொல்ல நாங்கள் திருப்பிச் சொன்னோம். புரோட்டான் நேர், எலக்ட்ரான் எதிர், நியூட்ரானுக்கு ஒன்றுமில்லை. என் குரல் மற்றவர்களைவிடக் கொஞ்சம் உரக்கவே வந்தது.

பஸ் இறங்கி நான் வீடு சேர்வதற்குள் சேதி சேர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சென்றாயன் வாசலில் மிளகுக் காயை உதிர்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"அண்ணங்கூட ஒட்டி நின்னியாமா."

"பாடத்துக்கு நின்னனுங்க."

"என்ன பாடமோ. ரோட்டுக் கடையில சிரிக்கறாங்க. ஏன்டா சென்றாயா, உம்பட பொண்டாட்டியும் அண்ணனும் அணுவாயிட்டாங்களாமான்னு கேக்கறான் ஒருத்தன். போதும் புள்ள. இனி சனிக்கிழம ஊட்டுல இரு."

"பரிச்சைய யாரு எழுதறது? நீங்க எழுதறீங்களா?"

"நக்கலு பண்ணாத."

"நக்கலு இல்லீங்க. மூட்டைய நீங்க தூக்குங்க, நான் ஊட்டுல இருக்கறன்."

அவர் கை நின்றது. கோபக்காரர் இல்லை என் வீட்டுக்காரர். ஊர் சிரிப்புக்குத்தான் பயம்.

அந்த நேரம் ஜீப் வந்து நின்றது. நான் காப்பி வைக்க உள்ளே போய்விட்டேன். டம்ளரோடு கதவுக்குப் பின்னால் வந்து நின்றபோது மூத்தார் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எப்போதும் போல என் வீட்டுக்காரர் எழுந்து வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"அண்ணா, நானே உன்னயப் பாக்கோணும்னு இருந்தன். இந்த வகுப்பு..."

"இருடா. அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு கேளு. எம்பட தலையில ஒண்ணுமே நிக்கல. அடுத்த சனிக்கிழம டீச்சர் கேக்கும். ஒண்ணு நேரு, ஒண்ணு எதிரு. அந்த மூணாவது..."

"நான் என்னான்னுண்ணா கேக்கறது? எனக்கு அந்தப் பேரே வாயில வராது."

"நியூட்ரான்டா."

"நியூட்..." என்று என் பக்கம் திரும்பினார் சென்றாயன். பாதியில் நிறுத்திவிட்டு மறுபடி அண்ணன் பக்கம் திரும்பினார். இந்த வேலை யமுனாவுக்கு வரும், இவருக்கு வராது. மூத்தார் ஒரு முறை தொண்டையைச் செருமினார். பார்வை கூரை ஓட்டின் மேல் இருந்தது.

"நியூட்ரானுக்கு என்ன மின்சுமை, புள்ள?"

நான் கதவு நிலையைத் தாண்டி ஒரு அடி வெளியே வந்தேன்.

"ஒண்ணுமே கெடையாதுங்க மாமா."

அவர் தலையாட்டினார். உதட்டுக்குள் அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். சென்றாயன் எங்கள் நடுவில் டம்ளரைப் பிடித்தபடி நின்றார், யாருக்கு நீட்டுவது என்று மறந்துபோனவர் மாதிரி. காப்பியின் ஆவி அவர் முகத்துக்கு நேராக ஏறி, மலையிலிருந்து இறங்கி வந்த மஞ்சுப் பனியோடு போய்ச் சேர்ந்தது.