ஏழாவது மாடி முதலில் வந்தது

1978ஆம் ஆண்டு மே மாதம் பதினேழாம் தேதி, புதன்கிழமை, சிங்கப்பூர் கிளமெண்டியில் ஒரு மூவறை வீடு தன் அடுக்குமாடிப் புளோக்கைக் கட்டுவதற்கு முன்பே வந்து சேர்ந்தது. அது ஏழாவது மாடி வீடு. அதற்கு அடியில் இருக்க வேண்டிய ஆறு மாடிகளும் இன்னும் வரைபடத்தில்தான் இருந்தன. செம்மண்ணில் தூண்களுக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். வீடு மட்டும் ஐம்பத்தாறு அடி உயரத்தில், கண்ணாடிச் சன்னல், இரும்பு கிரில், துணி காயப்போடும் மூங்கில் கழிகளுக்கான குழாய்கள், வாசலுக்கு வெளியே நான்கடி நடைபாதைத் துண்டு, எல்லாவற்றோடும் ஆடாமல் அசையாமல் நின்றது. முதல் நாள் வேலையாட்கள் தலைதெறிக்க ஓடினார்கள். இரண்டாம் நாள் தள்ளி நின்று பார்த்தார்கள். மூன்றாம் நாள் அதன் நிழலில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள். அந்தப் பொட்டலில் வேறு நிழல் இல்லை.

அது பிரிஜட்டுக்கு வந்த வீடு. அவளுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. காலாங்கில் ஒரு தொழிற்சாலையில் ரேடியோவுக்குள் போகும் கம்பிகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பற்றவைப்பது வேலை. அவள் மனத்துக்குப் பிடித்த பாலகிருஷ்ணன் ஜூரோங்கில் கப்பல்களைப் பற்றவைக்கிற வெல்டர். ஃபேரர் பார்க்கில் மாலை நேர ஆங்கில வகுப்பில் பார்த்துக்கொண்டார்கள். ஆங்கிலம் இருவருக்கும் சுமாராகத்தான் வந்தது, மற்றது நன்றாகவே வந்தது. பிரிஜட்டின் அப்பா சூசைநாதன் சிராங்கூன் ரோட்டில் தையல் கடை வைத்திருந்தார். தீபாவளிக்குத் தருகிறேன் என்று சொன்ன சட்டையைத் தீபாவளிக்கு முன்பே கொடுக்கிற ஒரே தையல்காரர் என்று அந்த ரோடு முழுக்க அவருக்குப் பெயர். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். பாலகிருஷ்ணனின் அம்மா ரத்தினம்மா மருத்துவமனையில் ஆயா வேலை பார்த்து ஒற்றை ஆளாக மகனை வளர்த்தவர். சனி தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர். இருவருக்கும் அடுத்தவர் சாமியைத் தன் வீட்டுக்குள் விட மனமில்லை. ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லவும் தைரியமில்லை.

தைரியமில்லாத பெற்றோர்களுக்கு அந்தக் காலத்தில் அரசாங்க வீட்டுக்கான வரிசை பெரிய துணையாக இருந்தது. ஜோடியாகப் பெயர் கொடுத்தால்தான் வீடு. அதற்காகப் பிள்ளைகள் முதலில் ஃபோர்ட் கேனிங் மேட்டிலிருந்த திருமணப் பதிவு ஆபிசுக்குப் போய்ப் பதிந்துகொள்வார்கள், பிறகு ஆளுக்கொரு பஸ் ஏறி அவரவர் வீட்டுக்குத் திரும்புவார்கள். சட்டம் புருஷன் பெண்டாட்டி என்றது. சொந்தபந்தம் அப்படி நினைக்கவில்லை. மாதா கோயிலில் மந்திரிப்போ, பெருமாள் கோயிலில் தாலியோ நடக்கும்வரை அது வரிசையில் நிற்க வாங்கிய டிக்கெட்தான். வீடு வர நாலைந்து வருஷமாகும், அதற்குள் சூடு ஆறிவிடும் என்று பெரியவர்கள் இருவரும் தனித்தனியே கணக்குப் போட்டு, சந்தோஷமாகவே சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பெருந்தன்மை தாங்காமல், "வீடு கெடைச்ச அன்னைக்கு நானே எம்பொண்ணு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய் விடறேன்" என்று சூசைநாதன் பத்துப் பேர் முன்னால் சொன்னார். "நானே ஆரத்தி எடுக்கறேன்" என்றார் ரத்தினம்மா. அன்றைக்குத் தேதி ஏப்ரல் இருபத்தாறு. மூன்றே வாரத்தில் வீடு வந்து நின்றுவிட்டது.

வீடு ஒதுக்கியதாக வந்த கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பிரிஜட் வீட்டு ஆபிசுக்கு ஓடினாள். ஜலாலுதீன் என்ற அதிகாரி பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். "கீழ ஆறு மாடி இன்னும் ரெடி இல்ல. உங்க மாடி ரெடி. சாவிய வாங்கிக்குங்க லா, லிஃப்டுக்குத்தான் வெயிட் பண்ணணும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். சாவி கைக்கு வந்ததும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலகிருஷ்ணனுக்கோ தூக்கமே போயிற்று. பட்டறையில் கேட்டு வாங்கிய கழிவு இரும்பில், வேலை முடிந்த மாலைகளில், இரண்டே வாரத்தில் ஐம்பத்தாறு அடி ஏணி ஒன்றைப் பற்றவைத்து முடித்தான்.

ஜூன் பதினொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு எல்லாரும் கிளமெண்டியில் கூடினார்கள். புக்கிட் பாஞ்சாங்கிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். கச்சாங் பூத்தே விற்பவர் வண்டியை நிறுத்திக் கடலைப் பொட்டலம் மடிக்க ஆரம்பித்துவிட்டார். கிரேன் ஓட்டுபவர் லாரியிலிருந்து ஏணியைத் தூக்கி நடைபாதைத் துண்டில் சாத்திக் கொடுத்தார். அதுவரை ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்காத சூசைநாதனும் ரத்தினம்மாவும் அன்றைக்குத்தான் ஒரே கட்சியானார்கள். "வீடுன்னா படி இருக்கணும்" என்றார் அவர். "டெய்லர் சொல்றது சரிதான். தரையே இல்லாத எடத்துல நான் எங்க கோலம் போடறது?" என்றார் இவர். ஆளுக்கு ஆள் குறை கண்டுபிடித்தார்கள். சாமியைப் பற்றி மட்டும் இருவரும் வாய் திறக்கவில்லை.

பிரிஜட் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறத் தொடங்கினாள். ஏற ஏறக் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மேலே போய்க் கதவைத் திறந்து உள்ளே மறைந்தவள், அடுத்த நிமிஷம் சமையலறைச் சன்னலில் தலையை நீட்டி, "பைப்புல தண்ணி வருது!" என்று கத்தினாள். கீழே ஒரே கைதட்டல், விசில். எங்கிருந்து வருகிற தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. அவள் கூடத்துக்கு ஓடினாள், இரண்டு படுக்கையறைக்கும் ஓடினாள், எல்லாச் சன்னலையும் திறந்தாள், காற்று சாப்பிடுகிற மாதிரி வாயைத் திறந்துகொண்டு சிரித்தாள். இவ்வளவு சந்தோஷம் ஒரு ஆளுக்குத் தாங்குமா என்றிருந்தது அவளுக்கு. அப்புறம்தான் கீழே அப்பாவைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையில், கூட்டத்தை விட்டு நாலடி ஒதுங்கி, கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொன்ன சொல் ஒரு பக்கம், கும்பிட்ட சாமி ஒரு பக்கம் இழுக்க, அந்த மனுஷன் நடுவில் கிழிந்துகொண்டிருப்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. அவர் கையைப் பிடித்துக் கூட்டிவராத வீட்டில் பைப்பில் தேனே வந்தாலும் அவளுக்கு இறங்காது.

வெளியே வந்து ஏணியின் தலைமாட்டில் நின்றாள். "அப்பா, நான் எறங்கி வரேன். நீங்க வேணாம்னா வேணாம். எம்மூஞ்சியப் பாத்து ஒரு தடவ சொல்லிடுங்க, சாவியத் திருப்பிக் குடுத்துடறேன்." ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டிருந்த பாலகிருஷ்ணனின் முகம் செத்துப்போயிற்று. ஆனால் அவன் பிடியை விடவில்லை. அவள் ஒவ்வொரு கம்பியாக இறங்க ஆரம்பித்தாள்.

அவள் பத்துக் கம்பி இறங்கியிருப்பாள், சூசைநாதன் ஏற ஆரம்பித்தார். நாற்காலியில் ஏறிப் பல்பு மாட்டுவதற்கே பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடுகிறவர். வாய்க்குள் மாதாவின் அருள் நிறை மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடியபடி ஏறினார். கச்சாங் பூத்தேக்காரர் கூட மடிப்பதை நிறுத்திவிட்டார். ஏணியின் நடுவில், நாலாவது மாடி இருக்க வேண்டிய உயரத்தில், மகளின் கால் அவர் தலைக்கு நேரே வந்தது. அவர் ஒரு கையை விட்டு, அவள் குனிந்து நீட்டிய கையைப் பிடித்தார். "எறங்காதம்மா. மேல ஏறு, நான் கூட வரேன்" என்றார். கீழேயிருந்து ரத்தினம்மாவின் குரல் பிய்த்துக்கொண்டு கிளம்பியது: "வலது கால எடுத்து வைக்கச் சொல்லுங்க சம்பந்தி! நான் வர்ற வரைக்கும் உள்ள விட்றாதீங்க!" சொல்லிவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சொன்ன சொல்லுக்காகக் கொண்டுவந்திருந்த ஆரத்தித் தட்டை ஒரு கையில் ஏந்தியபடி, அந்த அம்மாள் ஏணியில் கால் வைத்தார். ஆரத்தித் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தவில்லை.

மாதா கோயிலில் மந்திரிப்பும் பெருமாள் கோயிலில் தாலியும் ஒரே மாதத்தில் நடந்தன. இரண்டு வருஷம் அந்த ஏணிதான் வழி. மீனும் மாவும் கயிற்றில் ஏறின. மூத்த பிள்ளையைப் பிரிஜட் முதுகில் கட்டிக்கொண்டு கிளினிக்குக்கு இறங்கி ஏறினாள். 1980இல் ஆறு மாடிகளும் அடியிலிருந்து வந்து இடிக்காமல் சேர்ந்துகொண்டன. மேலே இன்னும் ஐந்து மாடி எழும்பிற்று. லிஃப்ட் வந்தது, ஆனால் ஏழாவது மாடியில் நிற்காது. ஐந்தில் இறங்கி ஏற வேண்டும், அல்லது ஒன்பதில் இறங்கி இறங்க வேண்டும்.

1983ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அங்கே வந்திருந்த சூசைநாதனின் பழைய கூட்டாளி பெர்னார்ட், ஐந்து வருஷமாக வாயில் வைத்திருந்ததைக் கேட்டே விட்டார். வீடு அப்படி அந்தரத்தில் வந்து நின்றதால்தானே இந்தக் கல்யாணத்துக்கு ஒத்துக்கொண்டாய் என்றார். பிரிஜட் சமையலறையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது. "வீடு அது பாட்டுக்கு வந்துச்சு, பெர்னார்டு" என்றார் சூசைநாதன். "எம்பொண்ணு எனக்காக எறங்கினா. அதனாலதான் நான் ஏறினேன்." பெர்னார்ட் தலையை ஆட்டிவிட்டு, இந்த உயரத்தில் மத்தியானம் காற்று நன்றாக வருமா என்று விசாரித்தார். நன்றாகவே வரும் என்றார் சூசைநாதன்.