கொக்கி முனைக் கத்தி

கத்தியைக் கையில் வாங்கியதும் வந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டைவிரலால் பிடியைத் தடவி, மடக்கி, விரித்து, மறுபடியும் மடக்கினார். கல்லாவில் இருந்த கடைக்கார அம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. ஹார்டுவேர் கடைக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் முனையைப் பார்ப்பார்கள், விலையைக் கேட்பார்கள், இதைவிட மலிவாக இல்லையா என்பார்கள். கண்ணை மூடி யாரும் வாங்கியதில்லை.

எதிர்ச்சாரியில் எழும்பிக்கொண்டிருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் போன வாரம் கேபிள் சுருள்கள் திருடு போயிருந்தன. தோலைப் பிளந்து செம்பை எடைக்குப் போடுகிறவனுக்குக் கத்தி வேண்டும், புதுமுகம் யாராவது கேபிள் கத்தி கேட்டால் உடனே போன் போடுங்கள் என்று மேஸ்திரி கடை கடையாக ஏறிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இவர் புதுமுகம். நாற்பது வயதிருக்கும். தோளில் சாமான் பை இல்லை, காலில் ரப்பர் செருப்பு. ஒயரிங்காரர்கள் வழக்கமாக வாங்கும் நேர் முனைக் கத்தியை ஒதுக்கிவிட்டு, கொக்கிபோல் வளைந்து, நுனியில் பயறளவு உருண்டை வைத்த கத்தியைக் கேட்டார். கேபிளை நெடுக்காகப் பிளக்க அதைவிடத் தோதான சாமான் கிடையாது. எங்கே வேலை என்று கேட்டதற்கு, எதிரே உள்ள கட்டடத்தில்தான், நாளைக்குச் சேர வேண்டும் என்றார். ஒரு வருஷமாக உடம்புக்கு முடியாமல் கிடந்ததையும், பழைய சாமான்களை விற்றுச் சாப்பிட்டதையும் அவராகவே சொன்னார். கேட்காததைச் சொல்கிறவனை நம்பக்கூடாது என்பது அம்மாளின் கட்சி.

உள்ளே போய், ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்த கணவரிடம் குனிந்தாள்.

"ஏங்க, மேஸ்திரிக்கு ஒரு போன் போடுங்க. ஆளு வந்துட்டான்."

"நீ கண்ணாடியில உன் மொகத்தப் பாத்தாக்கூட சந்தேகப்படுவ," என்றார் அவர். ஆனாலும் போட்டார். நான் வரும்வரை ஆளைப் பிடித்து வையுங்கள் என்று பதில் வந்தது.

ஒரு மனிதரை எப்படிப் பிடித்து வைப்பது? அம்மாளுக்குத் தெரிந்தது உபசாரம் ஒன்றுதான். ஸ்டூலை நகர்த்திப் போட்டாள். டீ வரவழைத்தாள். வேலை தேடி அலைகிறவர்களுக்கு அவள் எத்தனையோ முறை டீ கொடுத்திருக்கிறாள். அதெல்லாம் ஆண்டவனை நினைத்துக் கொடுத்தது. இந்த டம்ளரை நீட்டும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவர் கும்பிடாத குறையாக வாங்கிக்கொண்டார். ஜிப்சம் பலகை அறுக்கும் பிளேடு, தச்சர்களின் மடக்குக் கத்தி, சுவருக்குப் பட்டி இழுக்கும் தகடு என்று ஒவ்வொன்றாக எடுத்து அவர் முன்னால் பரப்பினாள்.

"நான் கரண்டு வேலைக்காரம்மா. பட்டித் தகட்ட வெச்சு செவுத்துக்குச் சோறா பரிமாறப் போறேன்?" என்று சிரித்தார். ஒரு துண்டு கேபிள் கேட்டு வாங்கி, மறுபடி கண்ணை மூடிக்கொண்டு பிளந்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. அது என்ன, கண்ணை மூடிக்கொண்டு?

"சீலிங்குக்கு மேல கைதான் போகும். தலை போகாது. வெரலுக்குத் தெரிஞ்சாத்தான் உண்டு." கொக்கி முனையைத் துடைத்தார். "நேர் கத்தி வேகமாப் போகும்மா. ஆனா இந்த உருண்டை இல்லாததால உள்தோல்ல ஒரு கீறல் வுழுந்துரும். அன்னிக்கு யாருக்கும் தெரியாது. பின்னால குடிவந்தவங்க கொழந்த ஈரக் கையோட செவுத்தத் தொடுறப்பத்தான் தெரியும்."

அம்மாள் அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தாள். மேல்தோல் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. உள்ளே சிவப்பு, கறுப்பு, பச்சை மூன்றிலும் ஒரு கோடுகூட இல்லை. செம்பை எடைக்குப் போடுகிறவனுக்கு உள்தோல் எப்படிப் போனால் என்ன? மிச்சத்தைக் கொளுத்திவிட்டுப் போவான். மேஸ்திரியை வர வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அவள் உள்ளே திரும்பினாள். அப்போதே வாசலில் பைக் வந்து நின்றது.

மேஸ்திரி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. "இவனா?"

வந்தவர் மேஸ்திரியைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த டீயைப் பார்த்தார். பாதி குடித்த டம்ளரை ஓசையில்லாமல் மேசைமேல் வைத்தார்.

"நாந்தான் கூப்புடச் சொன்னேன். தப்பு பண்ணிட்டேன்," என்றாள் அம்மாள். "இவரு நாளைக்கு உங்க கிட்டத்தான் வேலைக்கு வர்றாரு. இதப் பாருங்க." துண்டை நீட்டினாள்.

மேஸ்திரி அதை உருட்டி உருட்டிப் பார்த்தார். "திருடனுக்கும் தொழில் தெரியும்மா," என்றார். "நாளைக்கு வரட்டும். என் கண்ணு இவன் மேலதான் இருக்கும்." வெளியே போய்ப் பைக்கில் சாய்ந்துகொண்டார். கிளம்பவில்லை.

கத்திக்குக் காசு வேண்டாம் என்றாள் அம்மாள். அவர் கேட்கவில்லை. காசை எடுத்து வைத்துவிட்டு, "பில்லு போட்டுக் குடுங்க," என்றார்.

"இந்தச் சின்ன சாமானுக்கா?"

"யாராச்சும் கேட்டா காட்டணும்ல."

அவள் பில் எழுதினாள். கேபிள் கத்தி, ஒன்று. பேனா அங்கேயே நின்றது. பிறகு அதன் கீழே, 'வாங்கியவர் எங்களுக்குத் தெரிந்தவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையைக் குத்தினாள். அவர் பேர்கூட அவளுக்குத் தெரியாது. ஆண்டவன் இந்தப் பொய்யை மன்னிப்பான், அந்த டீயை மன்னிப்பானா என்று தெரியவில்லை.

அவர் படித்துப் பார்த்தார். "தெரிஞ்சவர்," என்றார், யாரிடம் என்றில்லாமல்.

படியிறங்கும்போது அவர் கத்தியைச் சட்டைப் பைக்குள் போடவில்லை. ஒரு கையில் கத்தி, மறு கையில் பில். ஈரப் பெயின்ட்டில் உரசிவிடக் கூடாதென்று நடக்கிறவரைப்போல இரண்டு கைகளையும் உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மேஸ்திரியின் பைக்கைத் தாண்டித் தெருவின் நட்டநடுவில் நடந்தார். காற்றில் தாள் மடங்கியது. யாருக்கும் தெரிகிறபடி அதை மறுபடி விரித்துப் பிடித்துக்கொண்டார்.