நாலாவது மாடிக் கதவு

வீட்டில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். படிப்பதென்னவோ லிப்ட் தொழில்நுட்பம். சின்ன வயதிலிருந்தே 'ஏன், எதுக்கு' என்று கேட்டு எதிராளியை மூலையில் தள்ளிவிட்டுத்தான் ஓய்வாள் என்பதால் அக்கா வைத்த பெயர் அது. அக்காவைக் கட்டிக்கொண்ட அத்தான் அதற்கு ஒரு 'அம்மா'வும் சேர்த்து வக்கீலம்மா ஆக்கிவிட்டார். கல்லூரி பக்கத்தில் என்பதால் அவள் அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள்.

கடைசி வருடத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும் என்றார்கள். நாளைக்குப் பார்க்கப்போகிற தொழிலில் உள்ள ஒரு சிக்கலை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும், சான்று காட்ட வேண்டும், எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்று யோசித்து அதற்கும் பதில் சொல்ல வேண்டும். வாதாடினால் மார்க் என்றால் அவளுக்குக் கசக்குமா? வகுப்பில் எல்லோரும் தலையைச் சொறிந்துகொண்டிருக்க, அவள் அன்றே தலைப்பைப் பிடித்துவிட்டாள்.

லிப்டின் ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பூட்டு உண்டு. கதவு சரியாக மூடி, பூட்டு விழுந்தால்தான் லிப்ட் நகரும். பூட்டில் பழுது என்றால், மெக்கானிக் கன்ட்ரோல் பெட்டியில் ஒரு சாண் வயரைக் குறுக்கே மாட்டி, கதவு மூடித்தான் இருக்கிறது என்று இயந்திரத்தை நம்பவைப்பார். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் போனால், பூட்டாத கதவோடு லிப்ட் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருக்கும். லிப்ட் எங்கோ இருக்க, வெறும் குழிக்கு நேராகக் கதவு திறக்கும். அவள் தேடிப் படித்த விபத்து அறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரி முடிந்தன: மெக்கானிக் வயரைக் கழற்ற மறந்துவிட்டார்.

ஆக, மறதிதான் குற்றவாளி. பயிற்சி போதவில்லை, தண்டனை போதவில்லை என்று பத்துப் பக்கத்துக்கு வெளுத்து வாங்கியிருந்தாள். வரைவைத் திருப்பிக் கொடுத்த விரிவுரையாளர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார். 'மறந்தவர் ஒருவரிடமாவது பேசினீர்களா?'

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டிலேயே ஒரு லிப்ட் மெக்கானிக்கை வைத்துக்கொண்டு அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

கம்பெனியில் அத்தானுக்கு அணில் என்று பட்டப்பெயர். குழிக்குள் கம்பியைப் பிடித்து அவர் ஏறுகிற வேகம் அப்படி.

"பேச என்ன இருக்கு? ஒரு நாள் என்கூட வா, பாரு. ஆனா குறுக்கு விசாரணை எல்லாம் கூடாது," என்றார்.

"ஏங்க, அவளைக் கூட்டிட்டுப் போனா நீங்க வேலை பார்த்த மாதிரிதான்," என்றாள் அக்கா, ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே. கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் எட்டாவது மாடியில் அவளுக்குக் கணக்குப் பார்க்கிற வேலை.

அன்று அத்தானின் வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் ஊரையே சுற்றினாள். ஒரு கட்டடத்தில் எண்ணெய், இன்னொன்றில் பட்டன், மூன்றாவதில் நடுவழியில் மாட்டிக்கொண்டு கத்திய இரண்டு பேர். அத்தான் எங்கேயும் உட்காரவில்லை. மத்தியானச் சாப்பாட்டைக்கூட ஒரு மெஷின் ரூம் வாசலில் நின்றபடியே முடித்தார். பாக்கெட்டில் போன் அடித்தபடியே இருந்தது.

கடைசியாகப் போனது ஒரு பழைய ஆறு மாடிக் கட்டடம். கீழே செருப்புக் கடை, நாலாவது மாடியில் கண் மருத்துவமனை. லிப்ட் கதவு கையால் இழுத்துத் திறக்கிற வகை, நடுவில் ஒரு கீற்றுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியும் அழுக்கேறி மங்கிப்போயிருந்தது. நாலாவது மாடியில் பூட்டு விழவில்லை என்று லிப்ட் காலையிலிருந்து நின்றுகிடந்தது. அத்தான் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"கொக்கி தேஞ்சு மொட்டையாப் போச்சு. புதுசுதான் போடணும். தேய ஆரம்பிச்சப்பவே ஸ்டோர்ல கேட்டேன், மாசமாகுது, வரல."

அதற்குள் கட்டடத்துச் செயலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "என்னங்க இது, கண்ணுல மருந்து விட்டவங்களை எல்லாம் கையைப் பிடிச்சுப் படியில இறக்கிட்டிருக்கோம். யாராவது உருண்டா யார் பதில் சொல்றது?" என்றார். போனில் சூப்பர்வைசர் போட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. "லிப்ட் ஓடணும்யா, அவ்வளவுதான். அடுத்த கம்ப்ளைன்ட் காத்துக்கிட்டிருக்கு."

அத்தான் மொட்டைமாடியில் இருந்த மெஷின் ரூமுக்குப் போனார். அவளும் பின்னாலேயே போனாள். கன்ட்ரோல் பெட்டியைத் திறந்தார். சட்டைப் பாக்கெட்டிலிருந்து பேனா எடுக்கிற மாதிரி ஒரு வயரை எடுத்தார். இரண்டு முனையையும் செருகினார். லிப்ட் உறுமிக்கொண்டு கிளம்பியது. பெட்டியை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தான், வயர்?"

"பார்ட் வந்ததும் எடுத்துடலாம்."

அவ்வளவுதான். மறதி என்று எதுவும் அங்கே நடக்கவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு, நல்ல வெளிச்சத்தில், தெரிந்தே விட்டுவிட்டு வந்தார். அவருடைய முகத்தில் அவள் எதையோ தேடினாள். அங்கே இருந்தது அலுப்பு மட்டும்தான்.

அன்று சாயங்காலமே கட்டுரையைப் புரட்டிப் போட்டாள். பழைய பத்துப் பக்கமும் குப்பைக்குப் போனது. இது மறதி இல்லை, வழக்கம். ஆனால் அதை எழுதப் போனால், சான்று என்று காட்ட அவளிடம் இருந்தது அத்தான்தான். பேனா அந்த இடத்தில் வந்து வந்து நின்றது.

சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டாள். "வயரை எடுத்தாச்சா அத்தான்?"

"பார்ட் வரல."

மறுநாளும் கேட்டாள். அத்தான் தட்டைப் பார்த்துக்கொண்டே, "விசாரணை வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேன்ல," என்றார். குரலில் கேலி இல்லை. அக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சமையலறையில் தங்கையைத் தனியாகப் பிடித்தாள்.

"என்னடி நடக்குது உங்களுக்குள்ள? மனுஷன் ராத்திரி புரண்டு புரண்டு படுக்கறாரு. உன் கட்டுரைக்கு ஊர்ல வேற சிக்கலே கிடைக்கலையா?"

அந்த வாரம் முழுக்க அவள் எந்த லிப்டிலும் ஏறவில்லை. கல்லூரியிலும் படிதான். சுவருக்கு அப்பால் லிப்ட் போகிற முனகல் கேட்டால், கால் தானாக நின்றுவிடும். எந்த மாடியில் யார் கைப்பிடியைத் தொடுகிறார்களோ என்று இருக்கும்.

கடைசியில் பொறுக்க முடியாமல் ஒரு மாலை அந்தக் கட்டடத்துக்கே போனாள். போய் என்ன செய்யப்போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. மருத்துவமனையின் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னாள். அந்தப் பெண் குரலைத் தாழ்த்தி, "மேடம், பேஷன்ட்ஸைப் பயமுறுத்தாதீங்க. அதான் ரிப்பேர் பண்ணிட்டாங்களே," என்றாள்.

அவள் வெளியே லிப்ட் பக்கம் திரும்பியபோது, கறுப்புக் கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் சுவரைத் தடவிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். கண்ணில் மருந்து விட்டிருந்தார்கள். கையில் மருத்துவமனை பைல். பட்டனை அழுத்தினார். உள்ளே கம்பிகள் அசைகிற சத்தம் கேட்டது. லிப்ட் எங்கோ கீழே நகர்ந்துகொண்டிருந்தது. அதை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர் கைப்பிடியை இழுத்தார்.

பூட்டியிருக்க வேண்டிய கதவு சமையலறை அலமாரி மாதிரி லேசாகத் திறந்துகொண்டது.

அவர் காலைத் தூக்கினார். அவள் எப்படிப் பாய்ந்தாள் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அவருடைய சட்டை அவளுடைய இரண்டு கைகளிலும் இருந்தது. இரண்டு பேரும் பின்பக்கமாகத் தரையில் விழுந்தார்கள்.

"என்னம்மா இது! வயசானவன் சட்டையைப் பிடிக்கிற!" என்று அவர் கத்தினார்.

"உள்ள லிப்ட் இல்லைங்க."

"அதான் கதவு திறந்துதே?"

"லிப்ட் இல்லைங்க ஐயா. வெறும் குழி."

அவர் நம்பவில்லை. உட்கார்ந்த வாக்கில் பைலை நீட்டித் துழாவினார். எங்கேயும் தட்டவில்லை. எண்ணெய் வாடையோடு குளிர்ந்த காற்று கீழேயிருந்து அவர் முகத்தில் அடித்தது. பைல் நழுவி உள்ளே போனது. அது போய் விழுந்த சத்தம் வர நேரமானது.

பெரியவர் இருந்த இடத்திலிருந்து பின்னால் நகர்ந்து நகர்ந்து, எதிர்ச் சுவரில் முதுகு இடிக்கிற வரைக்கும் போனார்.

அவள் கதவை அறைந்து சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள். அப்படியே அத்தானுக்குப் போன் போட்டாள். வாயைத் திறந்தால் அழுகை வந்தது. "நாலாவது மாடி," என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. "யாராவது விழுந்தாங்களா?" என்று அவர் கேட்ட குரலை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. "இல்லை," என்றதும் போன் துண்டித்தது.

அவர் வந்து சேரும்வரை அவள் நகரவில்லை. முதுகுக்குப் பின்னால் லிப்ட் போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் கதவு மெல்ல அதிர்ந்தது. வரவேற்புப் பெண் பெரியவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அவளுக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினாள். கண்ணைப் பார்க்கவில்லை.

அத்தான் படியில் ஓடி வந்தார். யாரிடமும் எதுவும் கேட்காமல் நேராக மேலே போனார். சற்று நேரத்தில் உறுமல் அடங்கியது. அவள் மேலே போய்ப் பார்த்தபோது மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. வயர் கழற்றப்பட்டுத் தரையில் கிடந்தது. அத்தான் மெஷின் ரூமுக்கு வெளியே மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் அதற்குள் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. போன் அடித்தது. அத்தான் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஆளுக்கு ஒண்ணும் ஆகலைல? அப்பச் சரி," என்றார் சூப்பர்வைசர். குரல் அனுசரணையாகவே இருந்தது. "இங்க பாரு, வயரை எடுக்க மறந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடு. நாலு நாள் வீட்ல இரு, அப்புறம் வந்து சேர்ந்துக்கோ. நான் பார்த்துக்கறேன். எல்லாரும் அப்படித்தான் குடுக்கறாங்க."

அவள் தேடித் தேடிப் படித்த அத்தனை அறிக்கைகளும் நினைவுக்கு வந்தன. மறந்துவிட்டார், மறந்துவிட்டார், மறந்துவிட்டார். அதை நம்பித்தானே பத்துப் பக்கம் எழுதினாள்.

அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுத்துவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். கொடுத்திருந்தால் அவளால் குறை சொல்லியிருக்கவும் முடியாது.

"நான் மறக்கல சார்," என்றார். "தெரிஞ்சுதான் போட்டேன். நீங்களும் தெரிஞ்சுதான் ஓட்டச் சொன்னீங்க." போனை வைத்துவிட்டார்.

அந்த வாரமே அவருக்கு வேலை போனது. அரசு ஆய்வாளர் வந்து அந்த லிப்டுக்கு சீல் வைத்தார். கட்டுரையைத் தாமதமாகக் கொடுத்ததற்கு அவளுக்கு மார்க்கைக் குறைத்தார்கள். அதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு அந்த மொட்டைமாடியில், வெயில் இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவளுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கேட்கவும் பயமாக இருந்தது.

"வேற எங்கெல்லாம் அத்தான்?"

அவர் கையை நீட்டினார். "அந்த நீலக் கட்டடம், ரெண்டாவது மாடி. அதுக்குப் பின்னால தெரியுதே லாட்ஜ், அங்க ஒண்ணு. தண்ணி டேங்க் பக்கத்துல இருக்கிற குடியிருப்பு, அது போன வருஷம் போட்டது." விரல் கட்டடம் கட்டடமாக நகர்ந்தது. "பிரசவ ஆஸ்பத்திரி." விரல் அங்கேயே நின்றது. "இதெல்லாம் நான் போட்டது மட்டும்தான்."

கட்டடங்களில் ஒவ்வொன்றாக விளக்கு எரிய ஆரம்பித்தது. அத்தானின் விரல் போன வழியே ஓடிய அவள் கண், தூரத்தில் வெயில் பட்டு மின்னிய ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் போய் நின்றது.

"அக்கா ஆபீஸ்?"

"அது என் ஏரியா இல்ல. அங்க யாரு போறான்னு எனக்குத் தெரியாது," என்றார். சொல்லிக்கொண்டே போனை எடுத்து, அக்காவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"எங்க இருக்க?"

"கிளம்பிட்டேங்க. லிப்ட்டுக்குத்தான் நிக்கறேன்."

"வேண்டாம். படியில இறங்கி வா."

அக்கா சிரித்தாள். "எட்டு மாடியா? உங்களுக்கு என்ன, அணில் மாதிரி ஏறுவீங்க. என் கால் என்னத்துக்கு ஆகும்?"

"சொல்றேன்ல. கதவு பக்கத்துல நிக்காத. படியில இறங்கு. போனை வைக்காத."

அந்தக் குரலில் அக்காவுக்கு என்ன புரிந்ததோ, சிரிப்பு நின்றது. "சரிங்க," என்றாள்.

இரண்டு பேரும் போனுக்கு மேல் குனிந்து, அக்காவின் செருப்பு ஒவ்வொரு படியாக இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நடுநடுவே, அக்காவுக்குப் பக்கத்தில் எங்கோ, லிப்ட் வந்து நின்றதற்கான மணி 'டிங்' என்று அடித்தது. யாரோ பேசிக்கொண்டிருக்க, கதவு திறக்கிற சத்தமும் கேட்டது.