இரண்டு ஏஸைக் கவிழ்த்துப் போட்டவர்

1

போக்கர் போட்டியின் நாலாவது ஆட்டத்திலேயே, பக்கத்து ஆள் தன் பந்தயக் காயின் மொத்தத்தையும் நடுவில் தள்ளிவிட்ட பிறகு, கையில் இருந்த இரண்டு ஏஸையும் கவிழ்த்துப் போட்டுவிட்டு, ஆறிப்போன டீயை ரசித்துக் குடித்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். இது அவர் கதை.

சீட்டாடுகிறவர்கள் இந்த வரியிலேயே சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். மிச்சம் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன். போக்கரில் ஆளுக்கு இரண்டு சீட்டு தருவார்கள். பிடித்தால் ஆடலாம், பிடிக்காவிட்டால் கவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்க்கலாம். இரண்டு ஏஸுக்கு மேல் ஒரு கை கிடையாது. இருநூற்றிருபத்தொரு தடவைக்கு ஒரு தடவை வரும். அதைக் கீழே போடுவது, வேலைக்கு உத்தரவு வந்த அன்றே ராஜினாமா எழுதிக் கொடுப்பது மாதிரி.

இதை எழுதக் காரணம் வெறும் வம்பு. நான் சொல்லும்போதெல்லாம் ஒருத்தர் மட்டும் "புளுகு" என்கிறார். அச்சில் பார்த்தாலும் அப்படிச் சொல்கிறாரா பார்ப்போம்.

2

முதல் தொடக்கம்: "முப்பத்தெட்டு வருட வேலையில் நாலாயிரம் லிஃப்டுகளைத் தன் கையால் உயிர்ப்பித்த அந்த மெக்கானிக்..." (அடித்துவிட்டேன். நாற்பதுதான். அதில் இரண்டு சரக்கு லிஃப்ட்.)

இரண்டாவது தொடக்கம்: "லிஃப்ட்காரரின் மனைவி போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது." (இதையும் அடித்தேன். மறுபடி எழுதினேன். இது இல்லாமல் கதை நகராது.)

இந்த லிஃப்ட்காரர் நீங்கள்தானே என்று கேட்காதீர்கள். "நான்" என்று எழுதினால் பீற்றல் என்பார்கள். "அவர்" என்று எழுதினால் இலக்கியம் என்பார்கள். கிடைக்கிற மரியாதையை ஏன் விடவேண்டும்?

ஆஸ்பத்திரியில் மூன்றாவது ஆபரேஷனைச் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார்கள். மனைவி லிஃப்ட்காரரின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு, "போதுங்க. வீட்டுக்குப் போயிடலாம்," என்றாள். அவர் கையெழுத்துப் போட்டு அழைத்துப் போனார். ஒன்பதாம் நாள் முடிந்தது.

அவள் அண்ணன் வந்து சேர்ந்தபோது எல்லாம் ஆகிவிட்டது. ரிட்டயரான பஸ் கண்டக்டர். வாசலில் நின்றபடியே லிஃப்ட்காரரைப் பார்த்து, "பாதியிலயே விட்டுட்டியே மாப்ள," என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை.

போதும் என்றது அவள்தான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. செத்தவள்மேல் பழியைத் தூக்கிப்போட்டுவிட்டுத் தான் நல்லவனாக நிற்பதா? ஆகவே அவர்...

(வாக்கியம் நின்றுவிட்டது. நிற்கட்டும்.)

3

ஓய்வுபெற்றோர் சங்கம், மருந்துக்கடைக்கு மேல் மாடி. ஞாயிறு காலை பத்து மணி. ஆடுகிறவர்கள் இருபத்தேழு பேர். (நான் வழக்கமாக எழுபது என்பேன்.) சீட்டுக் குலுக்கி இடம் போட்டபோது, பதினான்கு மாதமாகத் தெருவில் எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடும் மச்சான், லிஃப்ட்காரருக்கு வலது கைப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

சங்கத்தில் ஒரு கறாரான விதி உண்டு. உட்கார்ந்தவர் காயின் தீரும்வரை எழுந்து போகக் கூடாது. போனால் ஆறு மாதம் சேர்க்க மாட்டார்கள். அந்த விதியைச் செய்தவர் ஹெட்மாஸ்டர். இப்போதும் எல்லோரையும் ஏழாம் வகுப்பாகவே பார்ப்பவர்.

மச்சான் யோசித்தார். முதல் சீட்டு வந்ததும், அதைத் தொடாமலேயே, காயின் மொத்தத்தையும் நடுவில் தள்ளினார்.

"என்ன கண்டக்டரே, சீட்டைக்கூடப் பாக்கல?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பாத்தா மாறிடப் போவுதா?"

தோற்றுவிட்டு எழுந்து போகத்தான் இந்த வேலை என்று லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. ஆனால் யாரும் எதிர்த்து ஆடவில்லை. போட்டியின் ஆரம்பத்தில் கட்டாயப் பந்தயம் கடுகளவு, கையிருப்பு மலையளவு. கடுகுக்காக மலையை வைப்பானா எவனாவது? பெரிய ஜோடி வந்தால் ஆடு, ஏஸும் ராஜாவும் சேர்ந்து வந்தால் யோசி, மற்றதெல்லாம் குப்பை. வயதானவர்கள் இந்த விஷயத்தில் ஞானிகள்.

"காலங்காத்தால பல்லைப் புடுங்காதீங்க சார், மரத்துப்போக ஊசி போட்டிருக்கணும்," என்று பல் டாக்டர் சீட்டைக் கவிழ்த்தார்.

இரண்டாவது ஆட்டமும் அப்படியே. மூன்றாவதும். எதிர்ப்பே இல்லாமல் கிடைத்த கட்டாயப் பந்தயத்தால் மச்சான் முன்னால் காயின் ஏறிக்கொண்டே போனது. தோற்பதற்கும் ஒரு ஆள் துணை வேண்டும். அன்று அவருக்கு அதுவும் கிடைக்கவில்லை.

4

நாலாவது தடவை மச்சான் தள்ளினார். அடுத்து லிஃப்ட்காரர். சீட்டை எடுத்துப் பார்த்தார். ஏஸ். இன்னொரு ஏஸ்.

இங்கே மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: ஆடுகிறார், ஜெயிக்கிறார். நூற்றுக்கு எண்பத்தைந்து தடவை இதுதான் நடக்கும். மச்சான் மிச்சமிருக்கும் சில்லறையையும் அடுத்த ஆட்டத்தில் தொலைத்துவிட்டு, நாற்காலியைத் தள்ளிவிட்டுப் படியிறங்குகிறார். அடுத்த சந்திப்பு யாராவது ஒருவருடைய சாவில்.

இரண்டு: ஆடுகிறார், தோற்கிறார். படியிறங்குவது லிஃப்ட்காரர். அடுத்த சந்திப்பு மேலே சொன்ன இடத்திலேயே.

மூன்றாவதை எழுதுவதற்குள் அவர் சீட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டார். ஆசிரியரைக் கேட்காத கதாபாத்திரம்.

மற்றவர்களும் கவிழ்த்தார்கள். மச்சான் திரும்பினார்.

"ஏன் போட்டே?"

பதினான்கு மாதத்தில் முதல் பேச்சு. லிஃப்ட்காரர் ஆறிப்போன டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். பதில் சொல்லத் தெரியாதபோது மனிதனுக்கு உண்மை வந்துவிடுகிறது.

"ரெண்டு ஏஸ் மச்சான்."

"புளுகாதே."

"சத்தியமா."

"ரெண்டு ஏஸைப் போட்டவன் இன்னும் பொறக்கல," என்றார் பல் டாக்டர்.

ஹெட்மாஸ்டர் அதற்குள் சீட்டுகளை அள்ளிக் கலைத்துவிட்டார். சாட்சி இல்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் மச்சான் தன் சீட்டைப் பார்த்தார். தள்ளவில்லை. அன்று நான்கு மணி நேரம் இருவரும் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள்.

(இங்கே சமாதானம் ஆனதாக நினைத்துச் சந்தோஷப்படாதீர்கள். இரண்டு வருடமாக ஞாயிறுதோறும் லிஃப்ட்காரர் ஏஸ் கதையைச் சொல்வார். மச்சான் "புளுகாதே" என்பார். அவர்களிடையே பேச்சு என்பது அவ்வளவுதான். அவள் பெயரை இருவரும் எடுத்ததில்லை. ஆனாலும் அந்த ஒரு "புளுகாதே"வுக்காக ஆறு நாள் காத்திருக்க ஒரு ஆள் இருந்தார்.)

5

முடிவு என்னிடம் இல்லை. அதனால் போன ஞாயிறு இதுவரை எழுதிய நோட்டை மச்சானிடமே கொடுத்தேன். (ஆமாம், நான்தான். இலக்கியம் நாலாம் பகுதியோடு தீர்ந்துவிட்டது.)

ஜன்னல் பக்கம் உட்கார்ந்து படித்தார். முதல் பக்கத்தில், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா," என்றார். பிறகு ஒரு பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தார். எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"இது நெசமா?"

"எது மச்சான், ஏஸா?"

"போதும்னு அவ சொன்னதா எழுதியிருக்கியே."

நான் பொய் சொல்லியே பழகியவன். நாற்பதை நாலாயிரமாக்குவேன். அந்த நேரத்தில் ஒன்றும் கூட்டத் தோன்றவில்லை.

"சொன்னா மச்சான்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"அவமேல போட வேணாம்னு..."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். கீழே மருந்துக்கடை ஷட்டரை யாரோ இறக்கினார்கள்.

"முடிவ எழுதலியே."

"உங்களுக்கு விட்டுட்டேன்."

நோட்டை மூடி என் மடியில் வைத்தார். ஜன்னலைப் பார்த்தபடி பேசினார்.

"கிளாவர் ஒண்ணு, டைமன் ஒண்ணு."

எந்த ஏஸ்கள் என்று நான் இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. யாரும் நம்பாததால் யாரும் கேட்டதே இல்லை.

"மூக்கு வரைக்கும் தூக்கி வெச்சு, என் பக்கமா சாய்ச்சுல்ல பாத்தே. ஏன் போட்டேன்னு அன்னிக்கு வாய் தவறிக் கேட்டுட்டேன். ஏஸ்தான்னு ஒத்துக்கிட்டா, நீ எதுக்குப் போட்டேன்னு மேல கேக்கணும். கேட்டா அவளைப் பத்திப் பேசணும். என்னால முடியல." என் பக்கம் திரும்பினார். "பாத்தேன் மாப்ள. நடந்துச்சு."